எட்டாம் நாள் கை

கதவைத் திறக்கிறவர்கள் சிரித்த முகத்தோடு திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் வேறு எந்த உத்தியோகத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். அம்மை குத்துகிற உத்தியோகத்துக்கு மட்டும் வந்துவிடக் கூடாது.

வரி கேட்டுப் போகிற சேவகர்களே, வேதம் சொல்லப் போகிற உபதேசிமார்களே, பெண் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புகிற தரகர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நாளில் தங்கவயலில் சுரங்கக்காரர்கள் குடியிருந்ததெல்லாம் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடுகள். கதவைத் தட்டினால் வீடே ஆடும். உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களின் கால்கள் தட்டிக்கு அடியில் தெரியும். ஆனாலும் "வூட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்தே பதில் வரும். எத்தனை நாள் அந்தக் கால்களோடு நின்று வாதாடியிருக்கிறேன்!

அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. வேலை அப்படி. கண்ணாடிக் குழலில் அடைத்துத் தூரத்திலிருந்து வரும் அம்மைப்பால் வழியிலேயே வெயிலில் கெட்டுவிடும். அதனால் ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் அதன் கையில் கொப்புளம் தெளிவாக எழும்பியதும், அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்போம். ஒன்பதாம் நாள் தாண்டினால் கொப்புளம் கலங்கிவிடும், உதவாது. ஆகவே எனக்கு ஓயாமல் ஒரு எட்டாம் நாள் கை வேண்டும். குத்திக்கொண்ட பிள்ளையைத் தாய்மார்கள் எட்டாம் நாள் மட்டும் ஒளித்துவைப்பார்கள். குத்திக்கொள்ளாத பிள்ளையை எல்லா நாளும் ஒளித்துவைப்பார்கள். நானோ முன்கோபக்காரன். ஞானஸ்நானத்தில் ஏழுமலை என்ற என் பேர் யோவான் என்று மாறியதே தவிர, கோபம் அப்படியேதான் கூட வந்தது.

விளக்குமாறு

நந்திதுர்க் லைனில் வேலு என்று ஒரு சுரங்கக்காரர் இருந்தார். அவர் பையனுக்குக் குத்தலாமா என்று அவர் மனைவி லட்சுமியிடம் கேட்டேன். "ஆத்தா போடற அம்ம முத்த மனுஷன் போடுவானா?" என்று கேட்டுக்கொண்டே அவள் விளக்குமாற்றை எடுத்தாள். முதல் அடி தலைப்பாகையில் விழுந்தது. திரும்பி ஓடும்போது மற்றதெல்லாம் முதுகில். வேலு வாசலில் நின்றபடி, "எங்களுக்கு வாணாம்யா, போ" என்றார், ஏதோ மோர்க்காரியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று அதற்கு முந்தின நாள்தான் கோயிலில் கேட்டுவிட்டு வந்திருந்தேன். விளக்குமாற்றுக்கு எதைக் காட்டுவது என்று உபதேசியார் சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்பவுண்டர் சாமிநாதனிடம் முதுகைக் காட்டி, "வேதத்தில் சொல்லியிருக்கிறபடி அந்த வீட்டுக்கு எதிரே காலில் இருந்த தூசியை உதறிவிட்டு வந்துவிட்டேன், இனிமேல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன்" என்றேன். சாமிநாதன் எங்கள் மதத்தவர் இல்லை. எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "தங்கவயல்ல தூசிய உதற ஆரம்பிச்சா எப்பய்யா முடிக்கப் போறே? நாளைக்கே போ."

"வரேன்" என்று சொன்ன குற்றம்

மூன்று மாதம் கழித்து வேலு வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பார்த்ததும் இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். உள்ளே அந்தப் பையனுக்கு அம்மை. அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. லட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். நாலு நாளாகத் தூங்காத முகம். விளக்குமாற்றைத் தூக்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த இளநீரை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, "வரேம்மா" என்று சொல்லித் திரும்பினேன்.

அவ்வளவுதான், அலறிவிட்டாள். அம்மை வார்த்திருக்கிற வீட்டில் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஆத்தாளே இன்னொரு தரம் வருவதாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வேலூர்ப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். நாலு வருஷமாக வேதக்காரனாக இருந்ததில் மறந்துபோய்விட்டது. இதெல்லாம் வெறும் பயம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு இருந்தது, சொல்லத்தான் மனசு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த ஒரே பிடிப்பு அதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு நான் எந்தச் சாமியிடம் போய் நிற்பது? வாசல் தரையில் உட்கார்ந்து, "தெரியாம சொல்லிட்டேன் தாயி, மன்னிச்சுக்க" என்று கேட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "போறேன்னு சொல்லிட்டுப் போய்யா. அப்பத்தான் எளநியத் தொடுவேன்."

ஆட்டுக்குட்டியிடம் சொன்ன பதில்

வேலு வீட்டிலிருந்து மூன்றாவது வீடு என் தம்பி கன்னியப்பனுடையது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று, குடியாத்தத்துப் பக்கம் எங்கள் ஊரில் அவன் என்னைத் தலைமுழுகினான். பேச்சுக்குச் சொல்லவில்லை. மீசையை எடுத்து, ஏரியில் மூன்று முழுக்குப் போட்டு, அண்ணன் செத்துப்போனான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னான். பிற்பாடு இரண்டு பேருமே பிழைப்புத் தேடி இந்தத் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தோம். இங்கேயும் நான் செத்தவன்தான். எதிரே வந்தால் என்னைத் தாண்டிப் பார்ப்பான். அதற்கு முந்தின வருஷம் ஊரில் எங்கள் அம்மா இறந்ததைக்கூட எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆண்டர்சன்பேட்டைச் சந்தையில் எங்கள் ஊர் வளையல்காரர் துக்கம் விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வாழைக்காய்க் குவியலுக்கு நடுவே நின்று அழுதேன். அன்றிலிருந்து அவன்மேல் எனக்கிருந்த கோபத்தை எந்த ஜெபத்திலும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் ஆண்டவர் அதை விட்டுவிடச் சொல்லிவிடுவாரே என்று பயம்.

அவனுக்கு இரண்டு வயசில் ஒரு பெண், பச்சையம்மா என்று பேர். மூன்றாம் வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது, இவள் குத்தாத குழந்தை. கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று போனேன். கன்னியப்பன் வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தான். "டேய், கொழந்தைக்குக் குத்திடலாம்டா. உன் கால்ல வேணாலும் வுழறேன்" என்றேன். அவன் தலையைத் தூக்கவில்லை. செத்தவனிடம் யாராவது பேசுவார்களா? ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னான்: "செத்தவன் ஒருத்தன் வந்துகீறான். கண்ட வூட்டுப் புள்ள கைச் சீழெல்லாம் எம் பொண்ணுக்கு வாணாம்னு அவன்கிட்ட சொல்லிடு."

பதினேழு பேர்

அம்மை பரவுகிறது என்று கேள்விப்பட்டதும் டாக்டர் துரை என்னைக் கூப்பிட்டார். பிள்ளைக்குக் குத்த மறுக்கிற தகப்பன்மார் பேரையெல்லாம் எழுதிக் கொடு, லைனை விட்டே கிளப்பிவிடலாம் என்றார். எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். விளக்குமாறு, வசவு, என்மேல் கொட்டின சாணித் தண்ணீர் எல்லாம் ஒவ்வொரு பேராக ஞாபகம் வந்தது. அழகான கையெழுத்தில் பதினாறு பேர் எழுதினேன். பதினேழாவதாக எழுத வேண்டியது கன்னியப்பன்.

பேனா ஓடவில்லை. அவன் செய்ததற்கு இது சரிதான் என்று ஒரு மனசு சொன்னது. முனியம்மாவும் குழந்தையும் சட்டி பானையோடு ரோட்டில் நிற்பது கண்ணில் தெரிந்தது. முனியம்மா அவன் மனைவி, எனக்கு ஒரு கெடுதலும் நினைத்தவள் இல்லை. சரி, அவனை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தால், மேலே இருக்கிற பதினாறு பேருக்கும் அண்ணனோ தம்பியோ ஒருத்தன் இருப்பானே, அவன் வந்து என்னைக் கேட்டால்? காகிதத்தை அப்படியே கிழித்தேன். துரையிடம் போய், எட்டு நாள் பொறுங்கள், நானே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசுகிறேன் என்று கும்பிட்டேன். அவர் முனகிக்கொண்டே சரி என்றார். என் சம்பளத்துக்குக் கேடு வந்துவிடும் என்று பயந்துபோன சாமிநாதன், வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்: "பதினேழு பேருக்கும் நீதான் அண்ணனாய்யா?"

முனியம்மா கேட்டது

துரையிடம் தவணை வாங்கின அன்றைக்கே, ஐந்து மாதமான என் மகள் மார்த்தாளுக்குக் குத்தினேன். கண்ட வீட்டுப் பிள்ளை வேண்டாம் என்று கன்னியப்பன் சொன்னான் இல்லையா, அவன் சொந்த ரத்தத்திலேயே ஒரு எட்டாம் நாள் கை தயாராகட்டும் என்று. கீறும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விளக்குமாறே மேல். ஏழு நாள் வீடு வீடாக அலைந்தேன். பதினேழில் பத்து வீடு திறந்தது. தம்பி வீடு திறக்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் முனியம்மா எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். மூத்தாரிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம், முகம் பார்த்துப் பேசி வழக்கமில்லாதவள், கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். பக்கத்து வீட்டிலும் வேப்பிலை கட்டியாயிற்றாம். கன்னியப்பன் ஷிப்டுக்குப் போய்விட்டான், ரெண்டு மணிக்குத்தான் மேலே வருவான், அதற்குள் வந்து குத்திவிடுங்கள் என்று அழுதாள். எனக்கும் கால் துடித்தது. ஆனால் அவன் பூமிக்கு அடியில் இருக்கிற நேரம் பார்த்து அவன் வீட்டுக்குள் புகுந்து அவன் பிள்ளைமேல் கத்தி வைத்தால், வேதக்காரன் வீட்டைக் கலைக்கிறவன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிவந்தது மெய்யாகிவிடாதா? அடிபடப் போவதும் முனியம்மாதான். "ரெண்டு மணி வரைக்கும் பொறும்மா, அவன்கிட்டயே கேட்டுர்றேன். மாட்டேன்னா அவன் கண்ணு முன்னாடியே குத்திடறேன், வெட்டினாலும் வெட்டட்டும்" என்றேன். என் மனைவி சாராளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உங்கள் நியாயத்துக்கு ஒரு குழந்தை பலியாக வேண்டுமா என்று கேட்டாள். முனியம்மாதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவரு கோபக்காரர்தான் மாமா, ஆனா ராத்திரியெல்லாம் கொழந்த நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு."

ஷாப்ட் வாசலில்

மார்த்தாளைத் தோளில் போட்டுக்கொண்டு நந்திதுர்க் சுரங்கத்து ஷாப்டுக்குப் போனேன். சாராள் வரவில்லை. என்னை வேதத்துக்கு இழுத்துக் கெடுத்தவள் அவள்தான் என்று கன்னியப்பன் எண்ணம். பார்த்தால் இன்னும் எரிவான். மீசை வைத்த ஆண்பிள்ளை கைக்குழந்தையோடு, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் வாசலில் நிற்பதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. "இன்னா யோவான், பொண்ணையும் வேலையில சேக்கப் போறியா?" என்று ஒருத்தன் கேட்டான். சிரித்து வைத்தேன். உள்ளே பயம்தான்.

கேஜ் மேலே வந்தது. சேறு பூசின முகங்களுக்கு நடுவே கன்னியப்பனும் வேலுவும் இருந்தார்கள். நான் வழியை மறித்து நின்றேன். "நீ என்னோட பேச வாணாம். நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். இந்தக் கைய மட்டும் பாரு. கண்ட வூட்டுப் புள்ள இல்லடா, எம் பொண்ணு" என்று மார்த்தாளின் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் முழுக்க எங்களையே பார்த்தது. அவன் என்னைத் தாண்டிப் போக அடி எடுத்து வைத்தான். அப்போது வேலு அவன் தோளில் கை வைத்தார். வேலுவின் பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இடது கண் போய்விட்டது. அவர் சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை: "எம் பையனுக்கும் வாணாம்னுதான் சொன்னேன் கன்னியப்பா."

பாய்

கன்னியப்பன் குழாயடியில் கை கால் கழுவினான். பிறகு நடந்தான். வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பத்தடி பின்னால் நானும் நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முனியம்மாவிடம் "பாய் போடு" என்றான். அவள் பச்சையம்மாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: மார்த்தாளை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், மீதி இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டான். ஈரக் கை பட்டதும் மார்த்தாள் முதலில் சிணுங்கினாள், அப்புறம் அவன் மீசையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான். "அம்மா சாகறப்ப மூணு நாளு ஏழுமல ஏழுமலன்னு உன் பேரத்தான் சொல்லிச்சி. ஆள் அனுப்புடான்னு கேட்டுச்சி. நான்தான் அனுப்பல." அம்மா கேட்டிருக்கிறாள், இவன் அனுப்பவில்லை. வாசலில் வாங்கின வசவெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அந்த நிமிஷம் என் வாயில் வந்து நின்ற வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அவன் கை மார்த்தாளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது, நகக் கண்ணெல்லாம் சேறு. முகத்தைப் பார்த்தேன். இதைச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு கேஜில் இறங்கி ஏறியிருக்கிறான். ஆண்டவரே, இவன் என் தம்பி அல்லவா என்று நினைத்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. "பாடையத் தூக்கறப்ப அண்ணங்காரன் தோள் இல்லாம தனியா நின்னியேடா" என்றேன். "நான் சந்தையில அழுதேன், நாலு பேர் தண்ணி குடுத்தாங்க. உனக்கு யாருடா குடுத்தாங்க?"

அவன் அழுதான். முனியம்மாவும் அழுதாள். என் கண்ணிலும் தண்ணீர், கத்தி எங்கே குழந்தையின் கை எங்கே என்று தெரியவில்லை. மார்த்தாளின் கையிலிருந்து சொட்டு எடுத்துவிட்டேன், பச்சையம்மாவின் கையைப் பிடித்துக் கீறப் போனேன். கன்னியப்பன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை அதட்டினான்: "இன்னாண்ணா, கை இப்படி நடுங்குது? கொழந்தைக்கு வலிக்கும், பாத்துக் குத்து."

கீறி வைத்த அம்மைப்பால் எட்டு நாளில் எழும்பிவிடும், அண்ணன் தம்பி உறவு எழும்ப நாலு வருஷமும் இரண்டு குழந்தைகளின் அழுகையும் வேண்டும் என்பதை எழுத ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் இடம் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.